எண்ணிக்கை சான்றாகாது

மலையகத் தோட்டமொன்றில் பீலி வற்றும்போது, மேட்டு நிலத்தில் நடப்பட்ட பைனஸ் மரங்களே அதற்குக் காரணமென லயத்து மக்கள் கூறுவதுண்டு. மழை பொய்த்ததே காரணமென மரம் நட்டோர் மறுப்பதும் உண்டு. இவ்வழக்கைத் தீர்த்துவைக்க வேண்டிய அறிவுலகமோ பெரும்பாலும் ஆய்வுகளை எண்ணிப் பார்ப்பதோடு அமைந்துவிடுகின்றது. நீர் குறைந்ததெனக் கூறும் ஆய்வுகள் இத்தனை, குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்பவை இத்தனை, பின்னவை மிகுதி, ஆகவே விளைவு இல்லை என்று தீர்ப்பும் வழங்கப்படுகின்றது. ஆய்வு மதிப்பீடு என்ற பெயரில் நடைபெறும் இத்தேர்தல் அறிவியலாகாது. வலப்பனை போன்ற பிரதேசங்களில் ஊற்று நீரை நம்பி வாழ்வோருக்கு அது அநீதியுமாகும்.

‘புள்ளிவிபரவியல் நோக்கில் பொருளுண்மை பெறவில்லை’ என்பதும் ‘விளைவு இல்லை’ என்பதும் ஒன்றல்ல. ஓரிரு ஆண்டுகள் மாத்திரம் ஓர் ஓடையை அளந்த ஆய்வில், மழையின் ஏற்றத்தாழ்வு மரத்தின் விளைவை எளிதில் மறைத்துவிடும். நீர் உண்மையாகவே குறைந்துள்ளது என்றும், அதனைக் கண்டறியும் வாய்ப்பு ஒவ்வோர் ஆய்வுக்கும் 40 சதவீதமே என்றும் கொள்வோம். பத்து ஆய்வுகள் நடைபெறின் ஏறத்தாழ ஆறு, ‘இல்லை’ என்றே கூறும். பெரும்பான்மை பிழையின் பக்கம் நிற்கும். இத்தகைய வலுக்குறைந்த ஆய்வுகள் பெருகப் பெருக, வாக்கெண்ணும் முறை உண்மையை அணுகுவதற்குப் பதிலாகத் தவறான முடிவையே மேலும் உறுதிப்படுத்தும் என்பதை ஹெட்ஜசும் ஒல்கினும் 1980இல் நிறுவினர்.

இதற்கு மாற்று வழி புதியதன்று. காரல் பியர்சன் 1904இலேயே படைவீரரிடையே நடைபெற்ற நெருப்புக் காய்ச்சல் தடுப்பூசி ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றிணைத்து ஆராய்ந்தார். ஜீன் கிளாஸ் 1976இல் இம்முறைக்கு மெட்டா பகுப்பாய்வு என்று பெயரிட்டார். ஹெட்ஜஸ், குரெவிச், கேட்டிஸ் ஆகியோர் 1999இல் சூழலியலுக்கு ஏற்றதோர் அளவையை விளக்கினர். மரம் நட்ட நிலத்தின் சராசரியை நடாத நிலத்தின் சராசரியால் வகுத்து, அவ்விகிதத்தின் மடக்கையைக் கொள்வதே அது. ஒவ்வோர் ஆய்வும் அதன் மாறற்றிறனுக்கு நேர்மாறான நிறையைப் பெறும். துல்லியமாக அளந்தது உரத்துப் பேசும். தடுமாறி அளந்தது தணிந்து பேசும். எதுவும் வாய் மூடப்படுவதில்லை. ‘விளைவு உண்டா?’ என்ற கேள்வி, ‘எவ்வளவு? எங்கே கூடுதல்? எங்கே குறைவு?’ எனக் கூர்மை பெறும்.

இவ்வினாக்களின் பயன் நீர் பற்றிய ஆய்வுகளிலேயே தெளிவாகும். பார்லி, யொபாகி, ஜாக்சன் ஆகியோர் 2005இல் வெளியிட்ட உலகளாவிய தொகுப்பின்படி, புல்நிலங்களில் மரம் நட்டபோது ஆண்டு ஓடுநீர் சராசரியாக 44 சதவீதம் குறைந்தது. தனித்து நோக்கின் பைனஸ் இனங்களால் 40 சதவீதமும், யூக்கலிப்டசால் 75 சதவீதமும் குறைந்தது. ஆயின் நீலகிரியின் கிளென்மோர்கன் நீரேந்து பகுதியில், யூக்கலிப்டஸ் நட்ட முதற் சுழற்சியின் பத்தாண்டுகளில் குறைவு 16 சதவீதமே என 1988இல் வெளியான ஆய்வு காட்டிற்று. வாக்கெண்ணுவோர் இரண்டையும் ‘குறையும்’ என்ற ஒரே பெட்டியில் இட்டுவிட்டு நகர்ந்துவிடுவர். தொகுத்து ஆராய்வோர் வேறுபாட்டின் காரணத்தைத் தேடுவர். கிளென்மோர்கனில் நீரேந்து பகுதி முழுவதிலும் மரம் நடப்படவில்லை என்ற செய்தி அப்போதுதான் பொருள் பெறும்.

‘எங்கோ உள்ள மலைகளையும் இலங்கை மலைகளையும் ஒரே தராசில் இடலாமா?’ என்று கேட்போர் உளர். சராசரியோடு நின்றுவிடும் தொகுப்பாய்வுக்கு இக்கண்டனம் முற்றிலும் பொருந்தும். மேற்கூறிய தொகுப்பின் 504 ஆண்டு அளவுகள் 26 நீரேந்துத் தரவுத் தொகுதிகளிலிருந்தே பெறப்பட்டவை. அவற்றை 504 தனிச் சான்றுகளாகக் கொள்வது, ஒரே சாட்சியைப் பலமுறை கூண்டிலேற்றுவதற்கு ஒப்பாகும். மேலும், அட்டன் மலைகள் தென்மேல் பருவக்காற்றை எதிர்கொள்பவை. வலப்பனையும் உடபுசல்லாவையும் வடகீழ் பருவக்காற்றால் மழை பெறுபவை. அட்டனில் அளந்ததை வலப்பனைக்கு அப்படியே பெயர்த்தல் பொருந்தாது. பத்தனைப் புல்நிலத்தில் மரம் நடுவதும் கைவிடப்பட்ட தேயிலை நிலத்தில் நடுவதும் ஒன்றல்ல. பீலியில் குடம் வைத்துக் காத்திருப்பவருக்கு ஆண்டு மொத்தத்தாலும் பயனில்லை. வறண்ட மாதத்து ஒழுக்கே அவருக்குக் கணக்கு. 2007 சனவரியில் வலப்பனையில் நிகழ்ந்த மண்சரிவுகளைச் சுட்டி, மரங்கள் சரிவைக் காக்கும் என வாதிடுவோரும் இருக்கலாம். அது தனியே தொகுத்து ஆராயப்பட வேண்டிய வேறொரு விளைவு. மண்ணுக்கு நன்மை உண்டு என்பது நீருக்குக் கேடில்லை என்பதற்குச் சான்றாகாது.

ஆகவே உலகச் சராசரி உள்ளூர் அளவீட்டுக்கு ஒருபோதும் பதிலாகாது. இங்குதான் பல்கலைக்கழகங்களின் கடமை எழுகின்றது. பொருளுண்மை பெறாத முடிவுகள் மேசை இழுப்பறைகளில் உறங்கிவிடும் கேட்டினை ரொசென்தால் 1979இலேயே சுட்டிக்காட்டினார். வெளியானவற்றை மாத்திரம் தொகுத்தால் விளைவு மிகைப்படும். மாணவர் ஆய்வேடுகள் துறை அலுமாரிகளில் அடைபட்டுக் கிடந்தால், அவற்றுக்காக மலையேறி அளந்த உழைப்பும் வீணே. சராசரியை மாத்திரம் தந்து, மாதிரியின் பருமனையும் நியம விலகலையும் தராத அட்டவணையும் பிறருக்குப் பயன்படாது. இவற்றைத் தராத ஆய்வேட்டை ஏற்க மறுப்பதும், முடிவு எவ்வாறாயினும் தரவுகளைத் திறந்து வைப்பதும் பெருஞ்செலவை வேண்டுவன அல்ல, நேர்மையையே வேண்டுவன.

மரங்களே நீரைக் குடித்தன என்னும் லயத்து மக்களின் கூற்று நிறுவப்பட்ட உண்மையாகாதிருக்கலாம். ஆனால் அதனைத் தள்ளிவைக்க ஆய்வுகளின் தலைகளை எண்ணிக் காட்டுவது போதாது. அவர்களது பீலியை அளந்து, அவ்வளவை ஏனைய அளவுகளோடு நிறையறிந்து சேர்த்த பின்னரே மறுப்பதற்கான உரிமை அறிவுலகுக்கு உண்டாகும்.