படைப்பணிப் பெருமையும் பழைய செய்தித்தாள்களின் சாட்சியமும்

ஜவ்வாது மலையின் தென்புற அடிவாரத்தை ஒட்டிய செங்கம் வட்டாரத்தில் கிடைத்த நடுகற்கள், தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையால் 1972-இல் நூலாகத் தொகுக்கப்பட்டபோது, பல்லவர் கால வரலாற்றுக்கு மட்டுமன்றிப் போர்ப்பணியை ஆவணப்படுத்தும் முறைக்கும் அவை சான்றாகின. பூசலில் இறந்த வீரனுக்கு ஊராரும் உறவினரும் எழுப்பும் நினைவுக்கல்லே நடுகல். ஆளும் மன்னன், அவனது ஆட்சியாண்டு, வீரன் சார்ந்த தலைவன், வீரனின் பெயர், அவன் எச்சூழலில் பட்டான் என்ற செய்தி ஆகியவற்றை அது பெரும்பாலும் சில வரிகளுக்குள் தந்துவிடுகிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த எடத்தனூர் நடுகல், எருமைகளைக் காக்கும் முயற்சியில் உயிர்நீத்த கருந்தேவக்கத்தியின் பெயரோடு, கள்வரைக் கடித்துத் தன் தலைவனருகே நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரையும் பதிவு செய்திருக்கிறது. யார், எப்போது, எங்கே, யாருக்குக் கீழ், எதைச் செய்தார் என்னும் இந்த ஐந்து வினாக்களே, வாக்குக் கேட்டு மேடையேறும் ஓர் அரசியலர் தம்மை முன்னாள் படைவீரர் என்று அறிவித்துக்கொள்ளும்போது இன்றைய வாக்காளர் கேட்க வேண்டிய வினாக்களும் ஆகும்.

படைப்பணி பற்றிய உரிமைகோரல் ஒருவரது தனிப்பட்ட பெருமையோடு முடிந்துவிடுவதில்லை. நாட்டுக்காக உயிரைப் பணயம் வைத்தவர் என்ற எண்ணம், கேட்பவர் உள்ளத்தில் நன்றிக்கடனாக மாறி, அந்தக் கடன் வாக்காகத் திரும்புகிறது. எனவே உண்மையல்லாத படைப்பணிக் கதை வாக்காளரை ஏமாற்றுவதோடு, உண்மையில் பணியாற்றியவருக்கு உரிய மதிப்பையும் பறித்துக்கொள்கிறது. வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையைப் போல, தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிவரும் ஊர்கள் உள்ள வட்டாரத்தில், இந்தப் பறிப்பு வெறும் கொள்கைப் பிரச்சினை அன்று. வீடுதோறும் உணரக்கூடிய அநீதி.

அவ்வாறிருந்தும் இத்தகைய கோரிக்கைகளைச் சரிபார்க்கச் சட்டம் வாக்காளருக்குத் தரும் கருவிகள் மிகக் குறைவு. வேட்பாளரைப் பற்றி அறிவது வாக்காளரின் உரிமை என்று ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. அதன் வழியே வேட்பாளர் தம் சொத்து, கடன், குற்ற வழக்கு, கல்வித் தகுதி ஆகியவற்றைப் படிவம் 26 எனப்படும் பிரமாணப் பத்திரத்தில் அறிவிக்கும் நடைமுறை நிலைபெற்றது. பொய்த் தகவல் தருவோரை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவின்படித் தண்டிக்கவும் இயலும். ஆயினும் படைப்பணி வரலாற்றுக்கென்று அந்தப் படிவத்தில் தனி இடம் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு தனிநபர் தகவலுக்கு விலக்கு அளிக்கிறது. அரசு ஊழியரின் பணிப்பதிவுகள் இந்த விலக்குக்குள் வருபவை என்று கிரிஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012-இல் கூறியது. இருபது ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வு பற்றிய தகவலைச் சில விலக்குகளுக்கு உட்பட்டு அளிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 8(3) பிரிவு சொன்னாலும், அந்த வழியை நாடி, மேல்முறையீடுகளைக் கடந்து விடைபெறுவதற்குள் தேர்தல் முடிந்துவிடும். இந்த நிலையில், எவரிடமும் அனுமதி கேளாமல் பொதுமக்கள் புரட்டிப் பார்க்கக்கூடிய முதன்மையான ஆவணமாகப் பழைய செய்தித்தாள்களே எஞ்சுகின்றன.

செய்தித்தாளின் வலிமை, அது நிகழ்வின் காலத்திலேயே அச்சானது என்பதில் இருக்கிறது. பின்னாளில் தமக்கு வேண்டியவாறு நினைவைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு மனிதருக்கு உண்டு. அச்சாகி நூலகத்துக்குச் சென்றுவிட்ட தாளுக்கு இல்லை. ஒரே மனிதர் வெவ்வேறு ஆண்டுகளில் சொன்னவற்றை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது இந்த வலிமை முழுமையாக வெளிப்படும். அமெரிக்க செனட் உறுப்பினராக இருந்த ஜோசப் மெக்கார்த்தி, இரண்டாம் உலகப் போரில் தாம் பங்கேற்ற போர்ப் பறப்புகளின் எண்ணிக்கையை 1944-இல் 14 என்றும், பின்னர் 17 என்றும், 1951-இல் 32 என்றும் கூறினார். போர் முடிந்த பிறகு போர்ப் பறப்புகள் கூடுவதற்கு வழியில்லை; ஆகவே இந்த ஏறுவரிசையே அந்தக் கூற்றின் நம்பகத்தன்மையைக் குலைக்கப் போதுமானது. தனித்தனியே படிப்பவருக்கு ஒவ்வொரு செய்தியும் இயல்பாகவே தோன்றியிருக்கும். தொகுத்துப் படிப்பவருக்கே முரண் புலப்படும்.

ஆனால் செய்தித்தாள் பிழையையும் சுமந்து செல்லக்கூடியது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தின் தலைமை அரசு வழக்குரைஞராக இருந்து 2010-இல் செனட் தேர்தலில் போட்டியிட்ட ரிச்சர்டு புளூமென்தால், வியட்நாமில் பணியாற்றியதாகப் பொருள்படப் பேசியிருந்ததையும், உண்மையில் அவர் உள்நாட்டிலேயே கடற்படைக் காலாட்படையின் சேமப்பிரிவில் பணியாற்றியதையும் நியூயார்க் டைம்ஸ் அவ்வாண்டு மே மாதம் வெளிக்கொணர்ந்தது. சேமப்பிரிவு என்பது முழுநேரப் படைக்குத் துணையாகப் பயிற்சியளித்து வைக்கப்படும் பகுதிநேரப் பிரிவு. 2003 முதல் 2009 வரை அம்மாநிலத்தில் வெளியான குறைந்தது எட்டுச் செய்திக் கட்டுரைகள் அவரை வியட்நாமில் பணியாற்றியவர் என்றே குறிப்பிட்டிருந்ததையும் அந்த நாளிதழ் சுட்டிக்காட்டியது. ஓர் இதழ் எழுதியதை மற்றொன்று வழிமொழிந்தால் எட்டுச் செய்திகள் எட்டுச் சான்றுகள் ஆகிவிடமாட்டா; அவற்றின் ஊற்று ஒன்றாயின் சான்றும் ஒன்றே. இந்தியச் சட்டமும் இந்த எச்சரிக்கையை ஏற்றிருக்கிறது. செய்தித்தாளில் வந்த செய்தி செவிவழிச் சான்று, அதாவது நேரில் கண்டவர் அல்லாத ஒருவர் பிறர் சொல்லக் கேட்டுரைப்பது, என்றும், வேறு சான்றால் நிறுவப்படாமல் அதனை மட்டும் கொண்டு எதனையும் மெய்ப்பிக்க இயலாது என்றும் தமிழ்நாட்டிலிருந்து சென்ற லட்சுமி ராஜ் ஷெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1988-இல் தெளிவுபடுத்தியது.

பிழையான செய்தியைவிட ஆழமான சிக்கல், செய்தியே இல்லாமை. ஓர் ஆவணத்தில் ஒருவரது பெயர் காணப்படாததைக் கொண்டு அவர் பொய்யர் என்று முடிவு கட்டும் பழக்கத்தைத் தமிழ்நாடு 2019 நவம்பரில் கண்டது. நெருக்கடி நிலைக் காலத்தில், விசாரணையின்றிக் காவலில் வைக்க இடமளித்த மிசா சட்டத்தின்கீழ்ச் சிறையிருந்ததாகத் திமுக தலைவர் மு.க. ஸ்டாலின் கூறிவருவது மெய்யா என்று அப்போது கேள்வி எழுப்பப்பட்டது. ஷா ஆணைய அறிக்கையில் அவர் பெயர் இல்லை என்ற வாதம் முன்வைக்கப்பட்டது. நெருக்கடி நிலையின் அத்துமீறல்களை நாடு தழுவிய அளவில் ஆராய்ந்த அந்த ஆணையத்தின் அறிக்கை, காவலில் இருந்த அனைவரின் பெயர்ப்பட்டியல் அன்று. சென்னை மத்தியச் சிறையில் நடந்த கொடுமைகளை விசாரிக்கவே நீதிபதி எம்.எம். இஸ்மாயில் ஆணையம் அமைக்கப்பட்டது. அந்த ஆணைய அறிக்கையில் அவர் பெயர் இடம்பெற்றிருப்பதைக் கட்சியினர் எடுத்துக்காட்டினர். இது படைப்பணி பற்றிய வழக்கு அன்று எனினும், தியாகம் பற்றிய கோரிக்கை எதனையும் சோதிப்போருக்கு இதில் பாடம் உண்டு: ஓர் ஆவணத்தைப் புரட்டுவதற்கு முன், தேடப்படும் பெயர் அதில் இருந்தாக வேண்டுமா என்று கேட்டுத் தெளிய வேண்டும்.

ஜவ்வாது மலை போன்ற வட்டாரங்களைச் சேர்ந்தவர்களுக்கு இந்த வினா உயிரானது. சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் தமிழ்நாட்டு இதழ்கள் பெரும்பாலும் சென்னையிலும் பெருநகரங்களிலும் படித்தோருக்காக அச்சானவை. அதிகாரிகளின் நியமனமும் பதக்கமும் அவற்றில் இடம்பெற்ற அளவுக்கு, மலையூரிலிருந்து சிப்பாயாகச் சேர்ந்த ஒருவரின் பெயர் இடம்பெற வாய்ப்பில்லை. இரண்டாம் உலகப் போரின்போது 1939-ஆம் ஆண்டின் இந்தியப் பாதுகாப்பு விதிகள் படைப்பிரிவின் நடமாட்டம் பற்றிய செய்திகளைத் தடுத்தன. ஆகவே அந்த ஆண்டுகளின் இதழ்களில் எந்தப் பிரிவு எங்கே போரிட்டது என்பது உடனுக்குடன் கிடைப்பதில்லை. முதல் உலகப் போருக்குப் பின் ஆங்கில அரசு தமிழ்நாட்டு ஊர்களில் பதித்த நினைவுக் கற்களும், வேலூர் நீண்ட கடைவீதி மணிக்கூண்டில் இருப்பது உட்பட, அந்த ஊரிலிருந்து எத்தனை பேர் போருக்குச் சென்றனர், எத்தனை பேர் உயிர்நீத்தனர் என்ற எண்ணிக்கையை மட்டுமே தருகின்றன. ஏழாம் நூற்றாண்டின் செங்கத்துக் கல் நாயின் பெயரைக்கூடக் காத்து வைத்திருக்க, இருபதாம் நூற்றாண்டின் கல் மனிதரின் பெயரையும் விட்டுவிட்டது. இத்தகைய பதிவுகளின் முன்னால், பெயர் இல்லை என்பதை ஒருவருக்கு எதிரான சான்றாக்குவது பெருந்தவறு.

தேடும் முறையிலும் இவ்வட்டாரத்துக்கென்றே சில கண்ணிகள் உண்டு. மலையின் மேற்கு அடிவாரத்துத் திருப்பத்தூர் 1911 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. பின்னர் வட ஆற்காட்டுக்கு வந்தது. 1989-இல் வட ஆற்காடு பிரிக்கப்பட்டுத் திருவண்ணாமலை தனி மாவட்டமாயிற்று. 2019-இல் வேலூர் மூன்றாகப் பிரிந்து திருப்பத்தூரும் மாவட்டமாயிற்று. இன்றைய மாவட்டப் பெயரைக் கொண்டு தேடுபவர், அந்தப் பெயர் பிறப்பதற்கு முந்தைய ஆவணங்களை இழந்துவிடுவார். தமிழில் குடும்பப் பெயர் வழக்கம் இல்லாததால் ஒரே முதலெழுத்தும் ஒரே பெயரும் கொண்ட பலர் ஒரே வட்டாரத்தில் இருப்பர். பழைய தமிழ் இதழ்களை எண்ணிம வடிவமாக்கி, அச்செழுத்தைக் கணினியே படித்தறியும் மென்பொருளைக் கொண்டு தேடும்போது, 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னா, லை, னை ஆகியவற்றின் பழைய வடிவங்களை அந்த மென்பொருள் தவறாகப் படிக்க நேரிடுகிறது. கணினித் தேடலில் விடை வரவில்லை என்றால், இதழில் செய்தி இல்லை என்று பொருளாகாது. நுண்படச் சுருளையோ மூலத் தாளையோ கண்ணால் படித்த பின்னரே அப்படிச் சொல்ல இயலும்.

அளவுக்கு மீறிய கண்டிப்பும் அளவுக்கு மீறிய தளர்ச்சியும் ஒருசேரத் தீங்கு விளைவித்ததை விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத்தின் வரலாறு காட்டுகிறது. 1972-இல் தொடங்கி 1980-இல் விரிவாக்கப்பட்ட அந்தத் திட்டத்தில் இந்திய தேசிய ராணுவத்தினரும் இடம்பெற்றனர். மலேயாவின் தோட்டங்களிலிருந்து அப்படையில் சேர்ந்த தமிழர் பலரிடம் காட்டுவதற்குக் காகிதம் இருக்கவில்லை. இத்தகைய கோரிக்கைகளில் குற்ற வழக்குக்குரிய ஐயத்துக்கிடமற்ற நிரூபணத்தைக் கேட்கலாகாது, நிகழ்ந்திருக்கக்கூடிய வாய்ப்பைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும் என்று குர்தியால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001-இல் அறிவுறுத்தியது. மறுபுறம், மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் போலி ஆவணங்களைக் காட்டி ஓய்வூதியம் பெற்றவர்கள் பற்றிய வழக்கும் 2005-இல் அதே நீதிமன்றத்தின் முன் வந்தது. எளிய முதியவரின் ஓய்வூதியத்துக்குப் பரிவான அளவுகோலும், அதிகாரம் நாடுபவரின் பெருமைக்குக் கண்டிப்பான அளவுகோலும் இருப்பதே நியாயம். நடைமுறையில் இது பலவேளைகளில் தலைகீழாகவே இருந்துவருகிறது.

ஆகவே பழைய இதழில் கிடைத்ததை மற்ற ஆவணங்களோடு பொருத்திப் பார்ப்பதே முறை. அதிகாரியாகப் பணியாற்றியவர் எனில், அவரது நியமனமும் பதவி உயர்வும் இந்திய அரசிதழில் வெளியாகியிருக்கும். விடுதலைக்கு முன் அரசரின் ஆணை பெற்றவர்களின் விவரம் லண்டன் அரசிதழில் இருக்கும். வீரப் பதக்கம் பெற்றவர் எவராயினும் அரசிதழில் அறிவிப்பு இருந்தாக வேண்டும். சிப்பாயாகப் பணியாற்றியவர் எனில், பட்டாளத்தார் டிஸ்சார்ஜ் புக் என்று வழங்கும் பணிவிடுப்புப் புத்தகம் அவர் கையிலும், மூலப்பதிவு அவரது படைப்பிரிவின் பதிவு அலுவலகத்திலும் இருக்கும். மதராஸ் ரெஜிமெண்டுக்கு அத்தகைய அலுவலகம் நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. ஓய்வுக்குப் பின் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அவர் பதிந்திருக்கவும் கூடும். காலத்தோடு ஒட்டிய செய்தி, அரசிதழ், படைப்பதிவு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கினால் கோரிக்கை நிலைபெறும்; மூன்றும் முரண்பட்டால் விளக்கம் தரும் பொறுப்பு கோருபவரைச் சேரும்; மூன்றுமே மௌனமாயின் தீர்ப்பை நிறுத்திவைப்பதே நேர்மை. மூலம் தெரியாத ஒற்றைக் காகிதத்தை நம்பி அவசரப்படுவோரின் நிலையை 2004-இல் உலகம் கண்டது: அப்போதைய அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் படைப்பணி பற்றி வெளியிட்ட ஆவணங்களை உண்மையானவை என்று நிறுவ முடியாமல் சிபிஎஸ் தொலைக்காட்சி வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது.

இந்தச் சரிபார்ப்பு சிலரின் தனித்திறனாக இல்லாமல் பொதுவழக்கமாக வேண்டுமெனில், செய்ய வேண்டியவை மூன்று. முதலாவதாக, படைப்பணி உண்டு என்று பரப்புரை செய்யும் வேட்பாளர், பணி எண்ணைத் தவிர்த்து, பணியாற்றிய பிரிவு, சேர்ந்த ஆண்டு, விலகிய ஆண்டு ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் குறிப்பிடத் தேர்தல் ஆணையம் வழி செய்ய வேண்டும். இரண்டாவதாக, எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், கன்னிமாரா நூலகம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் முதலியவற்றில் உள்ள தமிழ் நாளிதழ்களைப் பழைய எழுத்து வடிவங்களையும் படிக்கவல்ல தேடுவசதியோடு எண்ணிம வடிவமாக்கிப் பொதுமக்களுக்குக் கட்டணமின்றித் திறந்துவிட அரசு நிதி ஒதுக்க வேண்டும். அமில அரிப்பால் நொறுங்கிவரும் தாள்களுக்குக் காத்திருக்க நேரமில்லை. மூன்றாவதாக, ஜமுனாமரத்தூர் போன்ற மலையூர்களில் வாழும் முன்னாள் படைவீரர்களின் வாய்மொழி வரலாற்றையும் அவர்கள் வீட்டில் உள்ள காகிதங்களையும் மாவட்டந்தோறும் பதிவு செய்ய வேண்டும். அச்சு அவர்களைத் தவிர்த்துவிட்டது என்பதற்காக வரலாறும் தவிர்க்கலாகாது.

ஆதாரத்தைக் கேட்பது வீரத்தை அவமதிப்பதாகாது. உண்மையில் பணியாற்றியவருக்கு அதனால் இழப்பு ஏதும் இல்லை. பொய்யாகப் பெருமை தேடுபவருக்கே இழப்பு. படைப்பணியின் பெயரால் வாக்குக் கேட்கப்படும் ஒவ்வொரு முறையும், கைதட்டுவதற்கு முன் எந்தப் பிரிவு, எந்த ஆண்டு, எந்தக் களம் என்று வாக்காளர் கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு விடை தேட உதவும் பழைய தாள்களைக் காப்பாற்றும் கடமையை அரசு தட்டிக்கழிக்காதிருக்கட்டும்.