ஆடியில் கறம்பக்குடிக்கு வாருங்கள்



ஆடி பிறந்தால் மற்ற ஊர்களில் கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். முகூர்த்தம் கிடையாது, சமையல்காரருக்கும் பந்தல்காரருக்கும் வேலை கிடையாது. கறம்பக்குடி, வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் வட்டாரத்தில் மட்டும் கதையே வேறு. ஆடியும் ஆவணியும்தான் அங்கே விருந்துக் காலம். சாலையோரம் பிளெக்ஸ் போர்டுகள், அவற்றில் வரிசை வரிசையாக முகங்கள். மாப்பிள்ளை, பெண் படத்தைத் தேடினால் கிடைக்காது. காதுகுத்தும் இல்லை, கிரகப்பிரவேசமும் இல்லை. மொய் வாங்குவதற்காகவே வைக்கிற விருந்து அது. மொய் விருந்து என்றே அழைப்பிதழில் அச்சடிக்கிறார்கள்.

இந்த இதழில் கொரியக் கிராமங்களின் சாப்பாட்டைப் பற்றி ஒரு பயணக் கட்டுரை வருகிறது. அதன் பிழை திருத்தும்போதெல்லாம் என் மனசு கறம்பக்குடியில்தான் இருந்தது. ஊரின் உணவையும் வழக்கத்தையும் ஒரே நாளில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் விமானம் ஏற வேண்டியதில்லை. புதுக்கோட்டையிலிருந்து பட்டுக்கோட்டைக்குப் போகும் வழியில் இறங்கினால் போதும்.

காலையிலேயே போய்விடுங்கள். பந்தலுக்குப் பின்னால் கல் கூட்டிய அடுப்புகளில் விறகு எரியும். சின்ன வெங்காயமும் சோம்பும் வதங்குகிற வாசம் ரோடு வரைக்கும் வரும். தென்னை வைத்துப் பிழைக்கிற பூமி என்பதால் குழம்புக்குத் தேங்காய் அரைத்து ஊற்றுவதில் யாரும் கை சுருக்குவதில்லை. மதியம் இலை போட்டால் சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, ரசம், மோர். பெரிய பட்டியலே இல்லை. ஆனால் “இன்னும் ரெண்டு துண்டு வைப்பா” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். முன்பின் தெரியாத வெளியூர்க்காரருக்கும் அதே கவனிப்புதான்.

கை கழுவிவிட்டு வந்தால் மொய் மேசை. விருந்து வைப்பவர் ஒருவர் அல்ல. பலர் சேர்ந்து ஒரே பந்தலில் வைப்பார்கள், செலவைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு நோட்டு. எழுதுகிறவர் தலை நிமிராமலே கேட்பார்.

“எந்த ஊருண்ணே?”

“கருக்காக்குறிச்சி.”

“அப்பா பேரு?”

ஊர் முதலில், அப்பா பெயர் அடுத்து, மொய் செய்பவரின் பெயர் கடைசியில். ஒரே பெயரில் தெருவுக்கு நாலு பேர் இருக்கும் ஊர்களில் இப்படி எழுதினால்தான் ஆள் பிடிபடும். இப்போது பல பந்தல்களில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ரசீது அச்சாகி வருகிறது, பணத்தை மெஷின் எண்ணுகிறது. கேள்விகளின் வரிசை மட்டும் மாறவில்லை.

கணக்கு இதுதான். நாலு வருஷத்துக்கு முன் என் விருந்தில் நீங்கள் 5,000 ரூபாய் செய்தீர்கள். இன்று உங்கள் விருந்தில் அந்த 5,000-ஐத் திருப்பி வைத்து, அதன் மேல் புதிதாக 5,000 வைக்கிறேன். பழைய பாக்கி தீர்ந்தது. அடுத்த முறை என் பந்தலில் புதியதை நீங்கள் திருப்ப வேண்டும். வட்டி இல்லை, பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை. பெரும்பாலும் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறைதான் ஒருவர் விருந்து வைக்க முடியும். அந்த ஒரு நாள் வரவில் ஆழ்துளைக் கிணறு வரும், வீடு எழும்பும், பிள்ளை வெளிநாடு போகும். பேராவூரணிப் பக்கத்தில் தொடங்கி இந்த ஊர்களுக்குப் பரவிய வழக்கம் என்பார்கள். சொத்து ஜாமீன் காட்ட முடியாத சிறு விவசாயிக்கு ஊர் தருகிற மரியாதையான கடன் இது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது இந்த வட்டாரத்துத் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. தென்னை திரும்பக் காய்க்கப் பல வருஷம் ஆகும். தேங்காய் வருமானம் நின்றதும் மொய் வரவும் மெலிந்தது. அதற்குள் கொரோனா வந்து பந்தல் போடவே விடவில்லை. வாங்கிய மொய்யைத் திருப்ப வட்டிக்குக் கடன் வாங்கியவர்கள் உண்டு. திருப்பாதவரால் ஊரில் தலை நிமிர முடியாது என்பதால், கையில் இல்லாதபோதும் செய்தே ஆக வேண்டும். நல்ல வருஷங்களில் வரவு பெருகப் பெருக, சின்னத் தொகையோடு வருகிறவர் கூசி நிற்கிற நிலையும் வந்திருக்கிறது. இது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. 200 ரூபாய் எழுதுகிறவருக்கும் இலையில் அதே கறி விழுகிற வரைக்கும்தான் இது விருந்து.

கொரியாவுக்கு வருகிறேன். அங்கேயும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வருகிறவர்கள் உறையில் பணம் வைத்துத் தருகிறார்கள். வாசலில் மேசை போட்டு யார் எவ்வளவு என்று குறித்துக்கொள்கிறார்கள். பணம் தந்தவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்கிறார்கள். ‘பூஜோ’ என்று பெயர். 2016-ல் அமலுக்கு வந்த லஞ்ச ஒழிப்புச் சட்டம், அரசு அதிகாரிகள் வாங்கும் இந்த உறைப் பணத்துக்கே உச்சவரம்பு விதித்தது. நம் ஏலச்சீட்டைப் போல அவர்களுக்கு ‘கே’ உண்டு. குளிர்காலத்துக்கு முன் அக்கம்பக்கத்தார் கூடிக் கிம்ச்சி போட்டுப் பகிர்ந்துகொள்ளும் ‘கிம்ஜாங்’ வழக்கத்தை 2013-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கறம்பக்குடிப் பந்தலில் மொய் எழுதிய ஒருவரை ஒரு கொரியக் கிராமத்துக் கல்யாண வாசலில் உட்கார வைத்தால், பாஷை புரியாவிட்டாலும் என்ன எழுத வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

நம் மொய் விருந்தைப் பற்றியும் அக்கறையாக ஒரு பதிவு செய்ய வேண்டும் என்று இந்த இதழ் ஆசைப்படுகிறது. பரண் மேல் பழைய மொய் நோட்டு வைத்திருப்பவர்கள் எங்களுக்கு எழுதுங்கள். எட்டணா, ஒரு ரூபாய் எழுதிய நோட்டுகள், நெல்லும் தேங்காயும் மொய்யாக வந்த கணக்குகள், அப்பா பெயரோடு அம்மா பெயரும் ஏறிய பக்கங்கள் எதுவானாலும் சரி. ஆட்களின் பெயரை மறைத்து, ஊரையும் வருஷத்தையும் தொகையையும் மட்டும் எடுத்து அனுப்பினால் போதும். அந்த விருந்தில் என்ன சமைத்தார்கள் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஆடி இதழில் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்