பெயர் மாறாத வண்டி வேண்டாம்

வேலைக்காக ஐதராபாத் வரும் நம் இளைஞர்கள் வீடு கிடைத்ததும் தேடுவது பழைய மோட்டார் சைக்கிள். "ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிப் போகிறேன், வண்டியை அனுப்பிவிடுகிறேன்" என்று முன்பணம் கறப்பவர்களைப் பற்றி இங்குள்ள போலீசார் பலமுறை எச்சரித்துவிட்டார்கள். வண்டியை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஏமாந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

என்னைக் கேட்டால், இதைவிட ஆபத்தானது நல்லவர்கள் இருவருக்குள் நடக்கும் அரைகுறை விற்பனைதான். "நம்ம ஊர்க்காரர்தானே" என்று படிவம் 29, 30-ல் கையெழுத்தோடு விட்டுவிடுகிறோம். விபத்து நடந்தால் பதிவில் பெயர் உள்ளவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வண்டி கைமாறியும் பழி விற்றவர் தலையில்!

எனவே சேஸிஸ், எஞ்சின் எண்களை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். கடனில் வாங்கிய வண்டியானால் கடன் தீர்ந்ததற்கான படிவம் 35 கேளுங்கள். தமிழ்நாட்டுப் பதிவென்றால் அங்குள்ள ஆர்.டி.ஓ.வின் தடையின்மைச் சான்றும் அவசியம். உள்ளூர்ப் பதிவானால் விற்பவர் 14 நாளிலும் வாங்குபவர் 30 நாளிலும் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பெயர் மாறும்வரை பணத்தில் ஒரு பகுதியை நிறுத்தி வையுங்கள். நல்ல மனிதர் இதற்குக் கோபிக்க மாட்டார்.