வீடு எங்கே, சம்பளம் எங்கே?

போன மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கோம்பையில் காப்பி குடித்து முடிக்கவில்லை, நியூ ஜெர்சியிலிருந்து மாப்பிள்ளை வாட்ஸ்அப்பில் வந்துவிட்டார். அங்கே சனி இரவு. "மாமா, பேத்திக்கு வரி ஃபார்ம் போடணும். மூணு மாநிலம் வருது, தலை சுத்துது" என்றார்.

நான் ஓய்வு பெற்ற அரசு எழுத்தர். அமெரிக்க வரி எனக்கெதற்கு என்று தட்டிக் கழித்திருக்கலாம். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் ஃபைல் புரட்டிய கை சும்மா இருக்குமா? ஒரு வாரம் அந்த மாநிலங்களின் விளக்கக் குறிப்புகளைப் படித்தேன். பிள்ளைகளை அங்கே படிக்க வைத்திருக்கும் நம் பக்கத்துக் குடும்பங்களுக்கும் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பேத்திக்கு வீடு நியூ ஜெர்சி. படிப்பது பென்சில்வேனியா. கோடை விடுமுறையில் நியூயார்க் நகரத்துக் கம்பெனி ஒன்றில் பன்னிரண்டு வாரம் வேலை பார்த்தாள். அது போகக் கல்லூரி நூலகத்திலும் வாரத்துக்குச் சில மணி நேரம். மத்திய அரசுக்கு ஒரு ரிட்டர்ன் போதும். அங்கே பெரும்பாலான மாநிலங்கள் தனியாகவும் வருமான வரி வாங்குகின்றன. டெக்சஸ், புளோரிடா போன்ற சிலதான் விதிவிலக்கு. அறை எடுத்துத் தங்கிய நியூயார்க் விலாசத்தையே கம்பெனியில் கொடுத்துவிட்டாள். அதனால் டபிள்யூ-2 என்ற சம்பளச் சீட்டில் மாநில வரியோடு நகர வரியும் பிடித்திருந்தார்கள்.

"நியூயார்க்கில் குடியிருக்கிறவன்னே போட்டுடலாமா மாமா? ஒரே ஃபார்மில் முடிஞ்சிடும்" என்றார் மாப்பிள்ளை.

கூடவே கூடாது என்றேன். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் வாத்தியார் 'டொமிசில்' வேறு, 'ரெசிடான்ஸ்' வேறு என்று மேசையைத் தட்டிச் சொல்வார். ஒருவன் இன்றைக்குப் படுத்துத் தூங்கும் இடம் ரெசிடான்ஸ். எங்கே போனாலும் கடைசியில் திரும்பி வரும் வேரான இடம் டொமிசில். பிரெஞ்சு சிவில் சட்டத்தில் படித்த அதே சொல், அறுபது வருஷம் கழித்து அமெரிக்கப் படிவத்தில் கண் சிமிட்டியது. படிக்கப் போன பிள்ளைக்கும், கோடையில் வேலைக்குப் போன பிள்ளைக்கும் டொமிசில் மாறுவதில்லை. பேத்தியின் துணிமணி, ஓட்டுநர் உரிமம், அம்மா அப்பா எல்லாம் நியூ ஜெர்சியில். எனவே அவள் அந்த மாநிலத்துக்காரி. நியூயார்க்குக்கு அவள் வெளியூர்க்காரி.

இது வார்த்தை விளையாட்டு அல்ல, காசு. நியூயார்க் நகரம் தன் எல்லைக்குள் குடியிருப்பவர்களிடம்தான் வருமான வரி வாங்குகிறது. வெளியிலிருந்து வந்து வேலை பார்ப்பவர்களிடம் வாங்கிய வரியை 1999-இல் எடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை சொன்ன சுலப வழியில் போயிருந்தால், கட்ட வேண்டாத நகர வரியைத் தானே போய்க் கட்டியது போலாகியிருக்கும். ஐடி-203 என்ற வெளியூர்க்காரர் படிவத்தைப் போட்டதால் அது திரும்பி வந்தது. மாநில வரி அப்படியல்ல. சம்பாத்தியம் அங்கே நடந்தது, அது அவர்களுக்குப் போக வேண்டியதுதான்.

நூலகச் சம்பளத்தில் பென்சில்வேனியா 3.07 சதவீதம் பிடித்திருந்தது. அந்த மாநிலத்துக்கும் நியூ ஜெர்சிக்கும் சம்பளத்தைப் பொறுத்து ஒப்பந்தம் உண்டு: வீடு இருக்கும் மாநிலம் மட்டுமே வரி வாங்கும். வேலையில் சேரும்போதே ஒரு தாள் எழுதிக் கொடுத்திருந்தால் பிடித்தமே நடந்திருக்காது. கொடுக்கவில்லை, அதனால் ரிட்டர்ன் போட்டுக் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. கேட்காதவருக்கு எந்த அரசாங்கம் வீடு தேடி வந்து கொடுத்தது?

நியூ ஜெர்சி ரிட்டர்னைக் கடைசியில்தான் போட வேண்டும். அங்கே தனி ஆளுக்கு ஆண்டு வருமானம் 10,000 டாலரைத் தாண்டினால் ரிட்டர்ன் கட்டாயம். எல்லா ஊர்ச் சம்பளத்தையும் அதில் காட்ட வேண்டும். ஒரே சம்பளத்துக்கு இரண்டு வரி விழாமல் இருக்க, நியூயார்க்குக்குக் கட்டியதைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் நியூ ஜெர்சி தன் கணக்கில் அந்தச் சம்பளத்துக்கு எவ்வளவு வரி வருமோ அந்த அளவுக்குத்தான் கழிக்கும். நியூயார்க் வரி கூடுதல் என்றால் மிச்சம் போனது போனதுதான். எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. மாணவர்களுக்காவது இதைத் தளர்த்தியிருக்கலாம்.

இதைக் கேட்ட பக்கத்து வீட்டு ஏலக்காய்க்காரர் சிரித்தார். "நமக்கு இது புதுசாய்யா? வீடு இங்க, தோட்டம் மலைக்கு அந்தப் பக்கம்." உண்மைதான். நம் நாட்டில் வருமான வரி மத்திய அரசினுடையது. கோம்பைப் பையன் பெங்களூரில் சம்பாதித்தாலும் ஒரே ரிட்டர்ன். ஆனால் விவசாய வருமானம் மாநிலத்தின் கையில். இடுக்கியில் தோட்டம் வைத்திருப்பவரை, அவர் கம்பத்தில் இருந்தாலும் உத்தமபாளையத்தில் இருந்தாலும், கேரளத்தின் 1991-ஆம் ஆண்டு விவசாய வருமான வரிச் சட்டம் ஒரு காலத்தில் விட்டதில்லை. நிலம் எங்கேயோ கணக்கும் அங்கே.

மாப்பிள்ளையிடம் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக நின்றேன். படிவத்தை நீங்கள் நிரப்பாதீர்கள், பேத்தி நிரப்பட்டும், அவளே கையெழுத்துப் போடட்டும். 'பெற்றோரைச் சார்ந்திருப்பவரா' என்ற கட்டத்தில் இவள் இல்லை என்று போட்டு, அப்பா தன் படிவத்தில் ஆம் என்று போட்டால், வரித்துறையிலிருந்து இரண்டு பேருக்கும் கடிதம் வரும். அவள் முதலில் முணுமுணுத்தாள். மூன்று இரவு உட்கார்ந்து முடித்தாள். ஏப்ரல் 15 கெடுவுக்கு ஒன்பது நாள் மிச்சம் இருந்தது.

மே மாதம் நியூயார்க் பணம் வந்ததும் போன் செய்தாள். "தாத்தா, பென்சில்வேனியா இன்னும் அனுப்பலையே, நான் கேட்டு எழுதட்டுமா?" என்றாள். எழுது, நகலையும் எடுத்து வை என்றேன்.