கேமராவைத் தொடாதீர்!

வருஷம் பூரா சென்னையில் ஃபைல் தள்ளுகிறவனுக்கு, மாசி சிவராத்திரிக்கு மட்டும் எம்.ரெட்டியபட்டி போயே ஆக வேண்டும். குலசாமி விவகாரம். லீவு தராத மேனேஜரை சாமி சும்மா விடாது என்று நாசூக்காகச் சொல்லி வைத்திருப்பதால் லீவுக்குப் பஞ்சமில்லை. இந்தத் தடவை பையில் வேட்டி துண்டோடு செகண்ட் ஹாண்ட் கேனன் கேமரா ஒன்றும் டிரைபாடும் ஏறிக்கொண்டன. (வீட்டில் பாதி விலைதான் சொல்லியிருக்கிறேன். இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் பத்திரிகையை உள்ளே கொண்டு போக வேண்டும்.)

சிவராத்திரி என்பது அமாவாசைக்கு முந்தின ராத்திரி. நிலா விடிகிற நேரத்துக்குத்தான் கீற்றாக எட்டிப் பார்க்கும். ஊரே முழித்திருக்கும் என்பதால் நான் கொட்டக் கொட்ட விழித்திருந்தாலும் யாரும் "என்னப்பா, வேலை போச்சா?" என்று விசாரிக்க மாட்டார்கள். நட்சத்திரங்களைப் படம் பிடிக்க இதைவிடத் தோதான ராத்திரி பஞ்சாங்கத்திலேயே கிடையாது.

கோயில் பக்கம் ட்யூப் லைட்டும் ரேடியோ செட்டும் அமர்க்களம் பண்ண, நான் கண்மாய்க் கரைக்கு ஒதுங்கினேன். கூடவே மாமா. எழுபது தாண்டியவர். வாலிபத்தில் கரிசல் காட்டில் ஆட்டுக்கிடை போட்டுக் காவல் கிடந்தவர். கையில் வாட்ச் கிடையாது. கார்த்திகைக் கூட்டம் எங்கே சாய்ந்திருக்கிறது என்று பார்த்து மணி சொல்வாராம். "விடிவெள்ளி சில வருசம் ஏமாத்திரும் மாப்ளே, கார்த்திகை ஏமாத்தாது" என்பார்.

இப்போது இரண்டு கண்ணிலும் புரை. டார்ச் வெளிச்சமே பூசணிப்பூ மாதிரி விரிந்து தெரிகிறதாம். நட்சத்திரம் என்று ஒன்றைப் பார்த்து மூணு வருஷம் ஆச்சு. ஆபரேஷன் என்று ஆரம்பித்தாலே, "மழை எப்படிப்பா மெட்ராஸ்ல?" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

சரி, படத்துக்கு வருவோம்.

கேமரா தானாக முப்பது விநாடி வரைதான் கண்ணைத் திறந்து வைத்திருக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் 'பல்ப்' என்று ஒரு ஏற்பாடு. பட்டனை அழுத்திக்கொண்டே இருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும். நானும் விரலை வைத்து நாலு நிமிஷம் மூச்சைப் பிடித்து நின்றேன். வந்த படத்தில் நட்சத்திரங்கள் கோழி கிளறின கோலம் மாதிரி இருந்தன. என் நாடித் துடிப்பு கேமரா வழியாக ஆகாயத்துக்குப் போய்விட்டது.

அதைவிடக் கொடுமை, நாலு நிமிஷம் முடிந்ததும் 'பிஸி' என்று காட்டிவிட்டு கேமரா மௌன விரதத்தில் உட்கார்ந்தது. தட்டினேன், கெஞ்சினேன், கடைசியில் பாட்டரியைப் பிடுங்கினேன். படம் போச்சு. பிறகுதான் புரிந்தது. நீண்ட நேரம் திறந்திருந்தால் சென்சார் சூடாகி, இல்லாத இடத்திலெல்லாம் சிவப்பும் நீலமுமாகப் புள்ளி வைக்கும். அதைக் கழிக்க, ஷட்டரை மூடிக்கொண்டு இன்னொரு நாலு நிமிஷம் வெறும் இருட்டைப் படம் எடுக்கிறது அந்தப் புண்ணியவான். நம் ஊர் வெக்கையில் புள்ளிகள் இன்னும் தாராளம். மெனுவில் இந்த நாய்ஸ் ரிடக்ஷனை அணைத்துவிட்டு, வேலை முடிந்ததும் லென்ஸை மூடி நாமே சில இருட்டுப் படங்கள் எடுத்து, லேப்டாப்பில் கழித்துக்கொள்வது உத்தமம்.

ஆகவே முதல் பாடம், கையை எடு. ரிச்சி தெருவில் வாங்கின 2.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பின் ஒன்று பையில் இருந்தது. சாதாரண கேனன் மாடல்களில் ரிமோட் துளைக்கு அதே சைஸ்தான். பின்னின் நுனியும் அடிப்பாகமும் சேர்ந்தால் ஷட்டர் திறக்கும்; நடு வளையம் ஃபோகஸுக்கு. (வேறு கம்பெனி கேமரா வைத்திருப்பவர்கள் இதை நம்பி ஒயரைச் சீவ வேண்டாம்.) இரண்டு கஜம் ஒயரும் ஒரு காலிங்பெல் ஸ்விட்சும் சேர்த்து ரிமோட் தயார் செய்து வைத்திருந்தேன்.

காலிங்பெல்லில் ஒரு சங்கடம். விரலை எடுத்தால் ஷட்டர் மூடிக்கொள்ளும். "கொண்டா, நான் அமுக்குறேன்" என்று மாமா வாங்கிக்கொண்டார். கோயிலில் யாருக்கோ சாமி வந்து சத்தம் கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். அத்தோடு அந்தப் படமும் அம்பேல்.

"பெல்லு எதுக்குப்பா? மோட்டார் ரூம் லைட் ஸ்விட்சைக் கழட்டிப் போடு. தட்டினா தட்டினபடி நிக்கும்ல?"

இஞ்சினீயரிங் படித்தவன் நான். மெயினை ஆஃப் பண்ணிவிட்டு மறுபேச்சில்லாமல் கழற்றி வந்தேன்.

அதற்குப் பிறகு ராஜபாட்டைதான். பூமி நாலு நிமிஷத்துக்கு ஒரு டிகிரி சுற்றிவிடுவதால், கேமரா ஒரே இடத்தில் நின்றால் நட்சத்திரம் கோடாக இழுபடும். இழுபடாமல் இருக்க ஒரு குத்துமதிப்புக் கணக்கு: ஐந்நூறை லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்தால் எத்தனை விநாடி தாங்கும் என்பது வரும். சின்ன சென்சார் என்றால் மில்லிமீட்டரை முதலில் 1.6-ஆல் பெருக்க வேண்டும். என் 18 மில்லிமீட்டருக்கு 17 விநாடி. 55-க்கு ஆறுகூட முழுசாக இல்லை. இந்தத் துக்கடா விநாடிகளில் எடுத்த படங்களைப் பத்து, இருபது என்று கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மங்கல் நட்சத்திரங்களும் துலங்கும். டிரைவை 'கன்டினியூவஸ்' வைத்து, ஷட்டரை ஐந்து விநாடிக்கு வைத்து, ஸ்விட்சைத் தட்டிவிட்டால் கேமரா அதுபாட்டுக்கு வரிசையாக எடுத்துக்கொண்டே போகிறது. நாம் சுண்டல் சாப்பிடலாம். வசதியுள்ளவர்கள் இன்டர்வலோமீட்டர் வாங்கலாம், யூ.எஸ்.பி. கேபிள் போட்டு ஜிபோட்டோ2 என்ற இலவச மென்பொருளால் லேப்டாப்பிலிருந்தே ஆட்டுவிக்கலாம். ஃபோகஸை மட்டும் லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி, ஒரு பிரகாசமான நட்சத்திரத்தில் கடுகாகிற வரை திருகி, செல்லோ டேப் ஒட்டிவிட வேண்டும். லென்ஸில் போட்டிருக்கும் முடிவிலிக் குறியை நம்பினவன் கெட்டான்.

இதெல்லாம் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. ஜவ்வாது மலைக் காவலூரில் இரவு முழுக்க இப்படிக் காத்திருந்து படம் எடுத்தவர்கள் உண்டு. தொலைநோக்கி நட்சத்திரங்களோடு சேர்ந்தே நகரும்போது அவை புள்ளியாக விழும். இடையில் நடமாடும் குறுங்கோள் சின்னக் கோடாக விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். 1988 பிப்ரவரி 17-ல் ஆர்.ராஜமோகனும் சகாக்களும் அங்கே கண்டுபிடித்த குறுங்கோளுக்குத்தான் 4130 ராமானுஜன் என்று பெயர்.

கண்மாய்க் கரையில் திருவாதிரை மேற்கே சாய, தெற்கே அகத்திய நட்சத்திரம் தாழ்ந்துகொண்டிருந்தது. வடக்கே துருவ நட்சத்திரம் பனைமர உயரத்தில், ஒன்பது டிகிரி சொச்சத்தில். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதற்குள் அடங்கிவிடும். அருப்புக்கோட்டை வெளிச்சம் மட்டும் அடிவானத்தில் வெல்லப்பாகு மாதிரி ஒட்டிக்கொண்டு தொலைய மாட்டேன் என்றது.

நாலரை மணி வாக்கில் லேப்டாப்பைத் திறந்தேன். கார்த்திகைக் கூட்டத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கினேன். மாமா மூக்கு திரையில் முட்டுகிற அளவுக்குக் குனிந்தார். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். முப்பது தாண்டியதும் நிறுத்தினார்.

"என்னப்பா, இம்புட்டு இருக்கு? நாங்க ஆறுதானே பாத்தோம்!"

"கண்ணுக்கு ஆறுதான் மாமா. கேமரா சேர்த்து வச்சுப் பார்க்குது."

வெகு நேரம் பேசாமல் இருந்தார். கோயிலில் செட்டை நிறுத்தியிருந்தார்கள்.

"அந்த ஆபரேசன் பண்ணினா இது அம்புட்டும் தெரியுமா?"

"அம்புட்டும் தெரியாது. பழைய ஆறும் தெரியுமான்னு டாக்டரைத்தான் கேக்கணும்."

"ஆறு போதும்பா. மதுரைக்கு என்னிக்குப் போலாம்?"

சொன்னேன். தலையாட்டினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தவர், நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பினார்.

"போறதுக்கு முந்தி அந்த ஸ்விட்சைத் திருப்பி மாட்டிட்டுப் போ. அத்தை கேட்டா நான் சொல்ல மாட்டேன்!"