துரோகி என்று எழுதும் முன்

கொஞ்சம் நீளமான பதிவு இது. டீ போட்டு வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள். உடன்பாடு இல்லாதவர்கள் கீழே எழுதுங்கள். டீச்சர் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன வாரம் அமெரிக்காவிலிருந்து ஒரு மாணவி போனில் பேசினாள். "இங்க ரெண்டு கட்சிக்காரங்களும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறதில்ல டீச்சர். உள்நாட்டுப் போர் வருமான்னு டி.வி.யிலயே பேசறாங்க. நம்ம ஊர்ல அப்படியெல்லாம் வராது இல்ல?" என்று கேட்டாள். "வராதும்மா" என்று உடனே சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் எதை வைத்து அவ்வளவு உறுதியாகச் சொன்னோம் என்று யோசித்தேன்.

அன்றிரவே நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். அரசியல் பேச்சு சூடு பிடித்து, ஒருவன் இன்னொருவனை "இனத் துரோகி" என்று எழுதினான். அதற்குப் பதினான்கு பேர் கட்டை விரல் காட்டினார்கள், எண்ணிப் பார்த்தேன். மற்றவன் குழுவை விட்டே போய்விட்டான். இரண்டு பேரும் என்னிடம் எட்டாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட பிள்ளைகள். அவன் எழுதியதில் என்ன பெரிய தப்பு என்று கேட்டவன் மேல்கூட எனக்கு வருத்தமில்லை. அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் எனக்குப் பயம். காரணம் சொல்கிறேன்.

இலங்கையில் 1983 ஜூலையில் தொடங்கி 2009 மே மாதம் முடிந்த போரை நாம் எல்லோரும் அறிவோம். 80 ஆயிரம் முதல் ஒரு லட்சம் பேர் வரை இறந்திருப்பார்கள் என்பது ஐ.நா. தரப்பில் சொல்லப்பட்ட மதிப்பீடு. போர் என்றாலே தொடங்கிய ஆண்டு, முடிந்த ஆண்டு என்று பாடம் நடத்தியவள் நான். அதற்கு முன்னால் இருபத்தைந்து வருடம் என்ன நடந்தது என்பதுதான் உண்மையான பாடம் என்று வயதான பிறகு தோன்றுகிறது.

1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று பண்டாரநாயக்க சட்டம் கொண்டுவந்தார். தமிழர்கள் அறவழியில் போராடினார்கள். 1957 ஜூலையில் அதே பண்டாரநாயக்க, தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்தோடு உட்கார்ந்து பேசி ஓர் ஒப்பந்தம் போட்டார். தமிழுக்கும் தமிழர் பகுதிகளுக்கும் ஓரளவு உரிமை. யாருக்கும் முழு திருப்தி இல்லை. நல்ல ஒப்பந்தம் என்றாலே அப்படித்தான் இருக்கும்.

உடனே எதிர்க்கட்சியான ஐக்கிய தேசியக் கட்சியின் ஜெயவர்த்தனா, சிங்களவரைக் காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று கண்டிக்கு நடைப்பயணம் கிளம்பினார். 1958 ஏப்ரல் 9-ம் தேதி பிக்குகள் பிரதமர் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். ஒப்பந்தம் ரத்து என்று பிரதமர் எழுதியே கொடுத்தார். அடுத்த மாதம் கலவரம்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? 1965-ல் ஐக்கிய தேசியக் கட்சியின் டட்லி சேனநாயக்க அதே செல்வநாயகத்தோடு இன்னொரு ஒப்பந்தம் போட்டார். இந்த முறை எதிர்த்துத் தெருவில் இறங்கியது யார்? முதல் ஒப்பந்தம் போட்ட பண்டாரநாயக்கவின் கட்சி. அந்த ஒப்பந்தமும் காற்றில் போயிற்று. தமிழர்கள் மேல் இருந்த வெறுப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். இரண்டு சிங்களக் கட்சிகளுக்குள் "எங்களில் யார் அசல், யார் துரோகி" என்று நடந்த போட்டிதான் இரண்டு முறையும் கதவைச் சாத்தியது. எதிரியோடு பேசப் போனவனை அவன் சொந்தக்காரர்களே அடித்து உட்கார வைத்தார்கள்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். பல்கலைக்கழக இடங்களில் தரப்படுத்தல், 1976-ல் தனி ஈழம் கேட்டு வட்டுக்கோட்டைத் தீர்மானம், 1981-ல் யாழ்ப்பாணம் நூலகம் எரிப்பு. 1982 டிசம்பரில் பொதுத்தேர்தலே வேண்டாம் என்று ஒரு வாக்கெடுப்பு நடத்தி நாடாளுமன்றத்தின் ஆயுளை ஆறு வருடம் நீட்டிக்கொண்டார்கள். அடுத்த ஜூலையில் கொழும்பே எரிந்தது.

இப்போது நான் சொல்லப்போவது சிலருக்கு வருத்தம் தரும். ஆனாலும் சொல்ல வேண்டும்.

1990-ல் ராமேஸ்வரம் வழியாகப் படகில் வந்த ஒரு யாழ்ப்பாணக் குடும்பம் நம் மண்ணூர்பேட்டையில் வாடகைக்கு இருந்தது. பையன் என் வகுப்பில் சேர்ந்தான். ஒருநாள் அவன் அம்மாவிடம், "சிங்கள ராணுவத்தால உங்க வீட்டுல யாருக்காவது ஏதாவது ஆச்சாம்மா?" என்று விவரம் தெரியாமல் கேட்டுவிட்டேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "என்ர தம்பிய ஆமிக்காரன் சுடேல்ல டீச்சர். எங்கட பொடியள்தான் சுட்டவை. அவன் வேற இயக்கம். லைட் போஸ்டில கட்டி, கழுத்தில துரோகி எண்டு எழுதி விட்டவை. ஆர் துரோகி எண்டு ஆர் முடிவெடுக்கிறது?"

முப்பது வருடத்துக்கு மேலாகியும் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

1975-ல் யாழ்ப்பாண மேயர் ஆல்பிரட் துரையப்பா சுடப்பட்டார். நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்து தமிழருக்காகப் பேசிய அமிர்தலிங்கம் 1989-ல் கொல்லப்பட்டார். தீர்வுத் திட்டம் எழுதிய சட்ட அறிஞர் நீலன் திருச்செல்வம் 1999-ல். மூவரையும் கொன்றது தமிழர் கைதான். சிங்களர் பக்கமும் இதே கதை. தமிழரோடு சமாதானம் வேண்டும் என்று சொன்ன பிரபல சினிமா நடிகர் விஜய குமாரதுங்கவை 1988-ல் சிங்களவரே சுட்டுக் கொன்றார்கள். 1987 முதல் 89 வரை தெற்கில் சிங்களவரும் சிங்களவரும் மோதி ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அங்கே மொழி ஒன்று, மதம் ஒன்று.

அரசின் அநியாயத்தை நான் மறைக்கவில்லை. முதல் தப்பும் பெரிய தப்பும் ஆட்சியில் இருந்தவர்களுடையது. ஆனால் அந்த அநியாயத்தைப் பேசித் தீர்க்க ஒரு காலம் இருந்தது. இரண்டு பக்கமும் பேசக்கூடியவர்கள் இருந்தார்கள். அவர்களை அவரவர் பக்கமே காலி செய்தபிறகு, மிஞ்சியது துப்பாக்கி வைத்திருந்தவர்கள் மட்டும்தான்.

அதே காலத்தில் நம் தமிழ்நாட்டில் என்ன நடந்தது என்று பாருங்கள். இங்கேயும் மொழிப் பிரச்சினை. இங்கேயும் தனிநாடு கேட்டார்கள். 1962-ல் மாநிலங்களவையில் அண்ணா திராவிட நாடு கேட்டே பேசினார். 1963-ல் பிரிவினை கேட்பவர்கள் தேர்தலில் நிற்க முடியாதபடி அரசியல் சட்டத்தில் 16-வது திருத்தம் வந்தது. அண்ணா கோரிக்கையைக் கைவிட்டார். நேற்றுவரை கேட்டதை இன்று விட்டுவிட்டாரே என்று ஏசியவர்கள் இருந்தார்கள். ஆனால் தொண்டர்கள் அவரோடே நின்றார்கள்.

இருபது வருடம் கழித்து, 1983 ஆகஸ்டில் இலங்கை அரசும் கிட்டத்தட்ட அதே மாதிரி திருத்தம் கொண்டுவந்தது. பிரிவினை கேட்க மாட்டேன் என்று உறுதிமொழி எடு என்றது. தமிழ் எம்.பி.க்கள் மறுத்தார்கள், பதவி போயிற்று. சட்டம் ஒரே மாதிரிதான், விளைவு நேர்மாறு. இங்கே கோரிக்கையை விட்டவனுக்குத் தேர்தல் இருந்தது, ஜெயித்தால் கோட்டை இருந்தது. அங்கே கலவரத்தில் எரிந்த வீட்டின் சூடு ஆறுவதற்குள், எதையும் தராமல் சத்தியம் மட்டும் கேட்டார்கள்.

1965 ஜனவரி, பிப்ரவரியில் இங்கே இந்தி எதிர்ப்புப் போராட்டம் எரிந்தபோது துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பிள்ளைகள் தீக்குளித்தார்கள். நம் மாநிலத்துக்கு அது சின்ன விஷயம் இல்லை. அப்போது டெல்லியில் காங்கிரஸ் மந்திரிகளாக இருந்த சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அளகேசனும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். போராடியவர்கள் அவர்களுடைய அரசியல் எதிரிகள். இருந்தும் கொடுத்தார்கள். பிரதமர் சாஸ்திரி வானொலியில் பேசி, நேருவின் வாக்குறுதி காப்பாற்றப்படும் என்றார். 1967-ல் அது சட்டத் திருத்தமாகவே வந்தது. அங்கே ஒப்பந்தம் கிழிந்தது. இங்கே வாய் வார்த்தை சட்டமானது. அதே 1967-ல் காமராஜர் விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் 1285 வாக்கில் தோற்றார். தோற்றவர் வீட்டுக்குப் போனார், ஜெயித்தவர் சட்டசபைக்குப் போனார். 1969-ல் நாகர்கோவிலில் நின்று காமராஜர் திரும்ப ஜெயித்தார். தோற்றால் எல்லாம் முடிந்தது என்ற பயம் இல்லாததால் யாரும் கத்தி எடுக்கவில்லை.

ராஜாஜியும் பெரியாரும் எவ்வளவு கடுமையாக மோதினார்கள் என்று உங்கள் தாத்தாக்களைக் கேளுங்கள். 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது தள்ளாத வயதில் பெரியார் வந்து அழுதார். கொள்கையில் ஓர் அங்குலம்கூட இருவரும் விட்டுக்கொடுத்தவர்கள் இல்லை.

அதனால் பிளவு ஆழமாக இருந்தாலே போர் வரும் என்பதை நான் நம்பவில்லை. நடுவில் நின்று பேசுகிறவனுக்கு இடமில்லாமல் போனால்தான் வரும்.

இது பெரிய தலைவர்கள் சமாச்சாரம், நமக்கென்ன என்பீர்கள். என் வீட்டுக்காரர் கதையைச் சொல்கிறேன். அவர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இருந்தார், உங்கள் அப்பாக்களைப் போல. தொண்ணூறுகளில் ஒரு சம்பள உயர்வுப் பிரச்சினை. மூன்று யூனியன், மூன்று கொடி. கேட்டதில் பாதிக்கு மேல் கிடைத்ததும் போதும் என்று இவர் 12(3) ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். மறுநாள் கேட் சுவரில் "கைக்கூலி" என்று இவர் பெயரைப் போட்டுக் கரியில் எழுதியிருந்தது. ஆறு மாதம் டீக்கடை பெஞ்சில் இவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. சரி, அதோடு போகட்டும். நான்கு வருடம் கழித்து அடுத்த ஒப்பந்தம் வந்தபோது, பேச்சுவார்த்தைக்கு உட்கார ஓர் ஆள்கூட முன்வரவில்லை. யாருக்குப் பெயர் கெட ஆசை? வேலை நிறுத்தம் மாதக்கணக்கில் இழுத்தது. தாலி அடகுக் கடைக்குப் போன வீடுகள் எனக்குத் தெரியும். அந்த வருடம் ஃபீஸ் கட்ட முடியாமல் நின்ற பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். சுவரில் எழுதியவன் பிள்ளையும் அதில் ஒருவன்.

"நிஜமாகவே காட்டிக்கொடுக்கிறவர்கள் இல்லையா டீச்சர்?" என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். காசு வாங்கினான் என்றால் ஆதாரத்தோடு சொல்லுங்கள், வழக்குப் போடுங்கள், அடுத்த தேர்தலில் தோற்கடியுங்கள். "உன் கருத்து தப்பு, உன் கட்சி நாட்டைக் கெடுக்கிறது" என்று எவ்வளவு காரமாக வேண்டுமானாலும் எழுதுங்கள். அது அரசியல். ஆனால் கருத்து வேறுபட்டதற்காக ஒருவனைத் துரோகி என்றால், அவனோடு இனி பேச ஒன்றுமில்லை என்று அர்த்தம். பேச ஒன்றுமில்லாத ஆளை என்ன செய்தாலும் தப்பில்லை என்பது அதற்கடுத்த படி.

நம் நாட்டில் அந்தப் படி வரை போன இடம் இல்லாமல் இல்லை. மணிப்பூரில் 2023 மே 3-ல் மெய்தி, குக்கி மக்களிடையே தொடங்கிய மோதலில் 250 பேருக்கு மேல் இறந்தார்கள். சுமார் 60 ஆயிரம் பேர் வீடிழந்தார்கள். போலீஸ் ஆயுதக் கிடங்குகளே ஆயிரக்கணக்கில் துப்பாக்கி கொள்ளை போனது. பள்ளத்தாக்கில் இருப்பவர் மலைக்குப் போக முடியாது, மலையில் இருப்பவர் இம்பாலுக்கு வர முடியாது என்றாகிவிட்டது. அங்கும் முந்தைய நாள் வரை ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகள்தான். அதனால் "நம்ம ஊர்ல வராது" என்று அந்த மாணவியிடம் நான் சொன்னதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். இங்கே அது வராமல் இருப்பது தானாக நடந்ததில்லை. முன்னால் இருந்தவர்கள் வராமல் பார்த்துக்கொண்டார்கள். இனி நாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, அந்த வார்த்தையை எழுதியவனுக்கு. பெயர் சொல்ல மாட்டேன், உனக்கே தெரியும். அடுத்த மாதம் உன் பெண்ணுக்குக் கல்யாணம். பத்திரிகை எனக்கு வந்துவிட்டது, அவனுக்கு வரவில்லை என்று கேள்விப்பட்டேன். உன் கட்சியை விட வேண்டாம், கருத்தை மாற்றவும் வேண்டாம். நேரில் போய் பத்திரிகை வைத்துவிட்டு வா. அவனும் பிடிவாதக்காரன், முதலில் முகம் கொடுக்க மாட்டான். இரண்டாவது தடவை போ.

கட்டை விரல் காட்டிய பதினான்கு பேரும் அவனுக்கு ஆளுக்கு ஒரு போன் போடுங்கள். அரசியல் பேச வேண்டாம், சாப்பிட்டாயா என்று கேட்டால் போதும்.

கல்யாணத்துக்கு நான் வருவேன். பந்தியில் என் இரண்டு பக்கமும் நீங்கள் இரண்டு பேரும்தான் உட்கார வேண்டும். அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுங்கள், நான் கேட்டுக்கொண்டே சாப்பிடுகிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
மண்ணூர்பேட்டை.