சிறிய வட்டு போதும்; பழைய எழுத்துகள் போகக் கூடாது



"சார், வீட்டுக் கணினி கெட்டுவிட்டது, புதிது வாங்கச் சொல்கிறார்கள்" என்று பெற்றோர் ஒருவர் அண்மையில் என்னிடம் வருந்தினார். போய்ப் பார்த்தேன். கணினி கெடவில்லை. பொத்தானை அழுத்திவிட்டு ஒரு தேநீர் கலக்கிக் குடித்து முடித்த பிறகே திரை தெளிந்தது, அவ்வளவுதான்! வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. எனப்படும் திடநிலை வட்டைப் பொருத்தினோம். இப்பொழுது அதே கணினி அரை நிமிடத்திற்குள் எழுந்து நிற்கிறது.

காரணம் எளிது. மேசைக் கணினியின் வன்தட்டு பெரும்பாலும் நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும். ஒவ்வொரு கோப்பையும் தேடி அதன் முனை நகர வேண்டும். ஒரு முறைக்கு ஏறக்குறைய 10 மில்லிவினாடி ஆகும். திடநிலை வட்டில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. இதே வேலைக்கு ஏறத்தாழ 0.1 மில்லிவினாடி போதும். கணினி தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் படிக்கப்படுவதால் இவ்வேறுபாடு பெரிதாகத் தெரிகிறது.

"இருப்பது 1 டெராபைட், 240 ஜிகாபைட் எப்படிப் போதும்?" என்று கேட்பவர் பலர். வட்டின் கொள்ளளவைப் பார்க்காதீர்கள்; அதில் எவ்வளவு நிரம்பியுள்ளது என்று பாருங்கள். 240 ஜிகாபைட் வட்டு விண்டோசில் 223 என்றே காட்டும். அதில் ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விட்டால், 180 அளவுக்குள் நம் பொருள் அடங்க வேண்டும். வினாத்தாள், பயிற்சித்தாள், பாடத்திட்டம் எல்லாம் சேர்ந்தாலும் அவ்வளவு வராது. இடத்தை அடைப்பவை நிகழ்படங்களே. அவற்றை வேறு வட்டுக்கு மாற்றிப் பகிர்வைச் சுருக்கிய பிறகே படியெடுக்க வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 14.10.2025 அன்று முடிவடைந்தது. வட்டை மாற்றுவதால் மட்டும் பழைய கணினி விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாது. அது செயலியையும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும் பொறுத்தது. தகுதியில்லாத கணினிக்கு லினக்ஸ் உண்டு. தமிழ்த் தட்டச்சு அதிலும் நன்றாகவே நடக்கும்.

ஆனால், நான் இன்று எழுத வந்தது வேகத்தைப் பற்றி அன்று, இழப்பைப் பற்றி.

சில ஆண்டுகளுக்கு முன் என் சொந்தக் கணினியை ஒரு கடையில் கொடுத்து வட்டை மாற்றினேன். "கோப்புகளை எல்லாம் எடுத்து வைத்துவிட்டோம்" என்றார்கள். உண்மைதான், கோப்புகள் இருந்தன, எழுத்துகள் இல்லை! ஒருங்குறி பரவுவதற்கு முன் முரசு அஞ்சல் போன்ற செயலிகளிலும், டிஸ்கி முதலிய குறியீடுகளிலும் நாம் தட்டச்சு செய்தோம் அல்லவா? அக்கோப்புகளைத் திறந்தால் புள்ளியும் கோடும் வைத்த உரோமன் எழுத்துகளே தெரிந்தன. எழுத்துருக்கள் விண்டோஸ் கோப்புறையில் இருந்தன. அதை யாரும் படியெடுக்கவில்லை. எடுக்கச் சொல்லாதது என் பிழை.

டிஸ்கிக் கோப்புகளை மாற்றிகளைக் கொண்டு ஒருங்குறிக்குக் கொண்டுவந்தேன். ஆனால், மாணவர் கட்டுரைத் தொகுப்பு ஒன்று நண்பர் தந்த தனி எழுத்துருவில் இருந்தது. அதற்கு மாற்றி கிடைக்கவில்லை. அச்சுப்படி இருந்த பக்கங்களை மீண்டும் தட்டச்சு செய்தேன். மற்றவை போயின. பழைய வட்டையோ கடையிலேயே விட்டு வந்திருந்தேன். பத்து வயதுப் பிள்ளைகள் தங்கள் பாட்டியைப் பற்றி எழுதியவை அவை. எந்தக் கடையில் போய் வாங்குவேன்?

ஆகவே, வட்டை மாற்றுவோர்க்கு என் வேண்டுகோள்:

1. முதலில் தமிழ் எழுத்துருக்களைப் படியெடுங்கள்.
2. பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுங்கள். எழுத்துரு சரியாகத் தெரியும்போதே பி.டி.எஃப். படியும் எடுங்கள்.
3. பழைய வட்டைக் கையோடு வீட்டிற்குக் கொண்டுவாருங்கள். அதில் மாணவர் பெயர், அடையாள அட்டை எண், புள்ளிகள் இருக்கும். வெறுமனே அழிப்பதால் அவை மறைந்துவிடா.
4. அதை உடனே தூக்கி எறியாதீர்கள். இரண்டாம் படியாக வைத்திருங்கள். திடநிலை வட்டு முன்னறிவிப்பின்றிச் செயலிழக்கக் கூடும். மின்சாரமின்றிப் பல்லாண்டு பெட்டியில் கிடந்தால் தரவை இழக்கவும் கூடும்.

வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் பெட்டாலிங் ஜெயாவிலுள்ள தன் வன்தட்டுத் தொழிற்சாலையை 2019 இறுதிக்குள் மூடுவதாக 2018 ஜூலையில் அறிவித்தது. அதே வேளையில் நம் பினாங்கில் திடநிலை வட்டு உற்பத்தியைப் பெருக்கியது. அப்பிரிவு 2025இல் சான்டிஸ்க் எனத் தனி நிறுவனமானது. உலகம் பயன்படுத்தும் வட்டுகள் நம் பத்து காவானில் உருவாகின்றன. அத்தகைய ஆலைகளில் உழைப்போர் நம் மாணவர்களின் பெற்றோரிலும் உண்டு.

வட்டை அவர்கள் செய்து தருவார்கள். அதில் எதை வைப்பது, எதை விடுவது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவைக் கடைக்காரரிடம் விட்டுவிடாதீர்கள்.